கண் ஈந்த கண்ணப்பர்

திருக்குடமுழுக்கில் நிகழும் கிரியைகளுள் நயனோன்மீலனம் என்பது ஒன்று. புதிதாக வடித்த திருவுருவத்துக்குக் கண் திறந்து வைக்கும் சடங்கு அது. மனத்தினாலேயே கோயில் எடுத்து, அதற்குக் குடமுழுக்கு நாளும் குறித்த பூசலார் நாயனாரின் ஊராகிய இத்திருநின்றவூரின் மலரில், இறைவனுக்கே கண் அளித்த பெருமானாரின் வரலாற்றைச் சிந்திப்பது பொருந்தும்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனும் அவன் மனைவி தத்தையும் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி, முருகப் பெருமானை வேண்டி ஓர் ஆண்மகவைப் பெற்றனர். கையில் எடுத்தபோது திண்ணென்று இருந்தமையால் குழந்தைக்குத் திண்ணன் என்று பெயரிட்டனர். விற்கலை பயின்று வளர்ந்த திண்ணனார், தந்தை முதுமையுற்றபோது தலைமை ஏற்று, முதல் வேட்டைக்குப் புறப்பட்டார். தப்பியோடிய பன்றி ஒன்றைத் தொடர்ந்து சென்று கொன்றபோது, நாணன், காடன் என்னும் இருவரே உடனிருந்தனர். நீர் வேட்கை தணியப் பொன்முகலி ஆற்றை அடைந்தவர், அருகே தோன்றிய காளத்தி மலையில் ஏறினார், குடுமித்தேவரைக் கண்டார். கண்ட அளவில் தாய்ப்பசுவை நெருங்கும் கன்றென ஓடித் தழுவினார். துணையின்றித் தனித்திருக்கும் அப்பெருமானுக்கு இனித் தாமே துணை என்று கொண்டார்.

அவர் ஆகமம் பயின்றவர் அல்லர். வாயில் முகந்த நீரே திருமஞ்சனம். தலைமயிரிற் செருகி வந்த பூவே அருச்சனை. சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த ஊனே நிவேதனம். நாள்தோறும் முறைப்படி பூசித்து வந்த சிவகோசரியார் அவ்வூனைக் கண்டு மனம் புழுங்கினார். தூய்மை செய்து தம் பூசையை முடித்தார். மறுநாளும் அவ்வாறே காண, இறைவனிடம் முறையிட்டார். இறைவன் அவர் கனவில் தோன்றி, அவ்வேடனுடைய செயல் யாவும் தமக்கு இனியனவே என்று உணர்த்தி, மறைந்திருந்து காணுமாறு பணித்தான்.

ஆறாம் நாள் திண்ணனார் வந்தபோது, பெருமானின் வலக்கண்ணில் குருதி பெருகியது. கையிலிருந்த ஊனும் வில்லும் சிதறி வீழ்ந்தன. ஊறு செய்தாரைத் தேடினார், காணவில்லை. பச்சிலை கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. அப்போது ஓர் உறுப்பின் நோய்க்கு அவ்வுறுப்பே மருந்து என்னும் முன்னோர் சொல் நினைவில் எழுந்தது. அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்பினார்; குருதி நின்றது. களிப்புற்றுக் கூத்தாடினார். பின்னர் இடக்கண்ணிலும் குருதி பெருகவே, அவர் கலங்கவில்லை. மருந்து கைவசம் இருந்தது. மற்றைக் கண்ணையும் பெயர்த்தால் இடம் தெரியாதென்று, பெருமானின் கண்ணருகே காலை ஊன்றி அம்பை எடுத்தார். இறைவன் கை நீட்டித் தடுத்து, கண்ணப்பன் என மும்முறை அழைத்துத் தன் வலப்பக்கத்தில் நிலைபெறச் செய்தான்.

இவ்வரலாற்றை விரித்துரைத்த சேக்கிழார் அவதரித்த குன்றத்தூர் நமக்கு அணித்தே உள்ளது. இளமையில் திருமடத்தில் இதனைப் பாடங்கேட்டபோது, ஒருவர் கண் மற்றொருவருக்குப் பொருந்துமோ என்று அடியேன் ஐயுற்றதுண்டு. ஆனால் 1905ஆம் ஆண்டிலேயே, இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த ஓலோமௌட்ஸ் நகரில், எடுவர்டு சிர்ம் என்னும் மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த தொழிலாளி ஒருவருக்குப் பிறர் கருவிழிப் படலத்தைப் பொருத்திப் பார்வை அளித்திருந்தார். நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் நாட்டின் முதல் கண் வங்கி தோன்றியது; 1948இல் மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கருவிழி மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். கண் முழுவதையும் மாற்றிப் பார்வை அளித்தல் இன்னும் கைகூடவில்லை. ஒளியை உட்புகவிடும் முன்படலத்தையே மாற்றுகின்றனர். அதில் குருதி நாளம் இன்மையால், பிறர் படலத்தையும் கண் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

கண்ணப்பர் உயிரோடிருக்கையில் ஈந்தார். நம்மிடம் கேட்கப்படுவதோ, உயிர் பிரிந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொள்ள இசைவு மட்டுமே. ஒருவர் ஈந்தால் இருவர் பார்வை பெறலாம். முதுமையும் மூக்குக் கண்ணாடியும் தடையல்ல, முகமும் விகாரப்படுவதில்லை.

ஆயினும் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்று அஞ்சுவார் உளர். அடியேனின் இல்லாள் சிவபதம் அடைந்த அன்று, கண்தானம் என்ற சொல்லை ஒருவர் எடுத்தபோது, உறவினர் அவ்வச்சத்தையே கூறித் தடுத்தனர். கண்ணப்பர் வரலாற்றை ஐம்பதாண்டு மேடையேறிச் சொன்ன அடியேன் வாய்திறவாதிருந்தேன். அக்கண்கள் இருவருக்கும் பயன்படாமல் நெருப்புக்கு இரையாயின. கண்ணை ஈந்தவர் குருடராகவில்லை, இறைவனின் வலப்பக்கம் பெற்றார் என்று அன்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தப் பிழைக்குக் கழுவாயாக, அடியேன் கண்களை எழுதிக் கொடுத்து, மக்களிடமும் சொல்லி வைத்துள்ளேன்.

நம் பூசலார் உள்ளத்தைக் கோயிலாக்கினார். கண்ணப்பர் கண்ணையே பூசைப்பொருளாக்கினார். இக்குடமுழுக்கு நாளில் திருவுருவங்கள் கண் திறப்பதைத் தொழும் அன்பர்கள், இருளில் வாழும் ஓர் உயிர்க்கும் கண் திறக்க உளங்கொள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.