உறங்கியபடியே நோய்க்கு வழி சொன்ன எட்கர் கேசி

குறி சொல்பவர் என்றதும் உடுக்கை ஒலியும் வேப்பிலையும் கற்பூர மணமும்தான் நம்மவர் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வாழ்ந்த எட்கர் கேசியிடம் இவை எதுவும் இருந்ததில்லை. கழுத்துப் பட்டையையும் காலணிக் கயிற்றையும் தளர்த்திக்கொண்டு சாய்மெத்தையில் படுப்பார். கைகளை வயிற்றின் மீது கோத்து வைத்துக் கண்களை மூடுவார். சற்று நேரத்தில் மூச்சு சீராகிவிடும். அதன் பிறகு, எங்கோ தொலைவில் இருக்கும் முன்பின் பார்த்திராத நோயாளியின் உடல்நிலையைப் பற்றி அவர் வாய் பேசத் தொடங்கும். விழித்தெழுந்ததும், தாம் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்கு நினைவிருக்காது.

இருபதாம் நூற்றாண்டில் உலகம் அதிகம் பேசிய தீர்க்கதரிசிகளில் ஒருவரான இவர், 8 ஆம் வகுப்பைத் தாண்டாதவர். மருத்துவமும் படித்ததில்லை.

விவசாயி வீட்டுப் பிள்ளை

கென்டக்கி மாநிலத்தில் ஹாப்கின்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே, 1877 மார்ச் 18 ஆம் நாள், ஒரு விவசாயக் குடும்பத்தில் எட்கர் கேசி பிறந்தார். சிறு வயதிலேயே பைபிள் மீது அவருக்குத் தணியாத பற்று இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை முழுமையாகப் படித்து முடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும், அங்குள்ள தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பாடம் நடத்தினார்.

பள்ளிப் படிப்பு நின்றபின் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். 1900 ஆம் ஆண்டு அவருக்குத் தொண்டை கட்டிக் குரல் அடியோடு போனது. மருத்துவர்கள் பார்த்தும் பலனில்லை. பேசாமலே செய்யக்கூடிய தொழில் என்பதால் புகைப்படக் கலையைக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்.

மறு ஆண்டு, அதே ஊரில் அறிதுயில் கலையில் ஈடுபாடு கொண்டிருந்த ஆல் லேன் என்பவர் அவருக்கு உதவ முன்வந்தார். 1901 மார்ச் 31 ஆம் நாள் கேசியை உறங்கவைத்து, அவருடைய தொண்டைக்கு என்ன கோளாறு என்று அவரிடமே கேட்டார். உறக்கத்தில் கேசி தெளிவாகப் பேசினார். நரம்புத் தளர்ச்சியால் குரல் நாண்கள் செயலிழந்துள்ளன, அப்பகுதிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டினால் குணமாகும் என்று தம் நோய்க்குத் தாமே வழி சொன்னார். அவ்வாறே இரத்தம் பாயும்படி லேன் ஆணையிட்டார். கேசி எழுந்தபோது குரல் திரும்பியிருந்தது.

தமக்கே இப்படிச் சொல்ல முடிந்தவர் பிறருக்கும் சொல்லக்கூடும் என்று லேன் எண்ணினார். அந்த எண்ணமே கேசியின் வாழ்க்கையை மாற்றியது.

புகழும் அச்சமும்

கேசிக்கு இதில் தொடக்கத்தில் விருப்பம் இருக்கவில்லை. உறக்கத்தில் தவறாக ஏதேனும் சொல்லி, அதனால் ஓர் உயிர் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அவரை வாட்டியது. ஆயினும் 1902 இல், வலிப்பு நோயால் மனவளர்ச்சி தடைபட்டிருந்த ஒரு சிறுமிக்காகப் படுத்து வழி சொன்னார். அதன்படி லேன் செய்த முதுகெலும்புச் சிகிச்சையால் குழந்தை தேறியதாகப் பெற்றோர் கூறினர். ஊர் முழுவதும் அவர் பெயர் பரவியது.

1903 இல் ஜெர்ட்ரூட் என்ற பெண்ணை மணந்து, பௌலிங் கிரீன் நகரில் புகைப்பட நிலையம் வைத்தார். அங்கு ஏற்பட்ட தீ விபத்து அவரைக் கடனாளியாக்கியது. பின்னர் வெஸ்லி கெட்சம் என்ற மருத்துவர், தம்மிடம் வரும் சிக்கலான நோயாளிகளுக்குக் கேசியின் உதவியை நாடினார். கெட்சம் மருத்துவர் கூட்டம் ஒன்றுக்கு அனுப்பிய அறிக்கை வாயிலாக, 1910 அக்டோபரில் நியூ யார்க் டைம்ஸ் நாளேடு கேசியைப் பற்றிப் பெரிய கட்டுரை வெளியிட்டது. நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

தன் பிள்ளைக்குக் கேட்க மறந்தவர்

புகழ் உச்சத்தை நோக்கிச் சென்ற அதே காலத்தில்தான் கேசியின் வீட்டில் இடி விழுந்தது. 1911 இல் பிறந்த இரண்டாவது மகன் மில்டன் போர்ட்டர் சில வாரங்களிலேயே கடும் நோயில் விழுந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொன்ன கேசி, தம் பிள்ளைக்காகப் படுக்க நினைத்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தை இறந்தது. அந்தக் குற்ற உணர்வு அவரை நெடுங்காலம் விடவில்லை.

அதே ஆண்டு மனைவிக்குக் காசநோய் முற்றியது. மருத்துவர்கள் நம்பிக்கை இழந்தனர். இம்முறை கேசி தாமதிக்கவில்லை. மனைவிக்காகப் படுத்தார். உறக்கத்தில் அவர் சொன்ன மருந்துகளும், மரப்பீப்பாயில் ஊற்றிய ஆப்பிள் பிராந்தியின் ஆவியை மூச்சில் இழுக்கும் முறையும் கையாளப்பட்டன. ஜெர்ட்ரூட் மெல்ல மெல்லத் தேறினார். தம் ஆற்றலின் மீது கேசிக்கு உள்ளூர நம்பிக்கை பிறந்தது அப்போதுதான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் அலபாமா மாநிலத்தின் செல்மா நகருக்குக் குடிபெயர்ந்து மீண்டும் புகைப்படத் தொழில் செய்தார். அங்கு மூத்த மகன் ஹியூ லின், படம் எடுக்கப் பயன்படும் வெடிமருந்துப் பொடியோடு விளையாடி முகத்தில் தீக்காயம் பட்டான். ஒரு கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். தந்தை உறக்கத்தில் சொன்ன மருந்துக் கட்டைப் போட்டுச் சிறுவனை இருட்டறையில் வைத்திருந்தனர். கட்டைப் பிரித்தபோது பார்வை இருந்தது.

மறுபிறவி தந்த கலக்கம்

1923 இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், ஆர்தர் லாமர்ஸ் என்ற அச்சக உரிமையாளர் நோயைப் பற்றிக் கேட்காமல், பிறப்பு, ஆன்மா, விதி ஆகியவற்றைப் பற்றிக் கேள்விகள் தொடுத்தார். அதற்குப் பதிலாகக் கேசியின் வாயிலிருந்து முற்பிறவிச் செய்திகள் வெளிவந்தன.

நமக்கு மறுபிறவியும் கர்ம வினையும் பாட்டி சொன்ன கதையிலேயே வரும். கேசிக்கு அப்படியில்லை. தேவாலயத்தில் பாடம் நடத்தும் ஒரு கிறிஸ்தவருக்கு அது பேரதிர்ச்சி. விழித்தெழுந்து, தாம் சொன்னதைக் கேட்டு நடுங்கிப்போனார். மீண்டும் பைபிளைப் புரட்டினார். தம் சமய நம்பிக்கையோடு அதைப் பொருத்திக்கொள்ள அவருக்குக் காலம் பிடித்தது.

அதே ஆண்டு கிளாடிஸ் டேவிஸ் என்ற இளம்பெண் செயலாளராகச் சேர்ந்தார். மனைவி கேள்வி கேட்பார், கேசி உறக்கத்தில் விடை சொல்வார், கிளாடிஸ் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார். இவ்வாறு பதிவாகி இன்றும் பாதுகாக்கப்படும் உரைகள் 14,000 க்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை நோய் தீர்க்கும் வழிகளே. உணவுக் கட்டுப்பாடு, எண்ணெய் தேய்த்தல், முதுகெலும்பைச் சீராக்குதல், விளக்கெண்ணெயில் நனைத்த துணியால் வயிற்றில் பற்றுப் போடுதல் என அவர் சொன்னவற்றில் பல எளிய வைத்தியங்கள்.

எழுந்த மருத்துவமனை, மூடிய மருத்துவமனை

உறக்கத்தில் கிடைத்த அறிவுரைப்படி 1925 இல் வர்ஜினியா பீச் கடற்கரை ஊரில் குடும்பம் குடியேறியது. தாம் சொல்லும் முறைப்படி சிகிச்சை அளிக்க ஒரு மருத்துவமனை வேண்டும் என்பது கேசியின் நெடுநாள் கனவு. முன்னதாக, அதற்குப் பணம் திரட்ட டெக்சஸில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போய்த் தோல்வி கண்டிருந்தார். இறுதியில் நியூ யார்க் பங்குத் தரகர் மார்ட்டன் புளூமென்தால் கைகொடுக்க, 1928 நவம்பர் 11 ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1929 இல் பங்குச் சந்தை சரிந்தது. புரவலரின் ஆதரவு நின்றது. 1931 தொடக்கத்தில் மருத்துவமனை மூடப்பட்டது. அதே ஆண்டு நியூ யார்க்கில் குறி சொன்ன குற்றத்திற்காகக் கேசி கைது செய்யப்பட்டார். வழக்கு தள்ளுபடியானது. 1935 இல் டெட்ராய்ட்டில், உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாக மீண்டும் கைது. இத்தனை அவமானங்களுக்கிடையிலும், 1931 இல் நண்பர்கள் தொடங்கிய ஆராய்ச்சிச் சங்கத்தின் துணையோடு அவர் பணி தொடர்ந்தது.

பலித்தவையும் பொய்த்தவையும்

இன்று பலர் கேசியை அறிந்திருப்பது அவருடைய தீர்க்கதரிசனங்களால்தான். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியை முன்கூட்டியே எச்சரித்தார், பதவியில் இருக்கும்போதே அமெரிக்க அதிபர்கள் இறப்பதைச் சொன்னார் என்று ஆதரவாளர்கள் சுட்டுகின்றனர்.

பொய்த்தவையும் ஏராளம். 1958 க்கும் 1998 க்கும் இடையே அமெரிக்காவின் மேற்குப் பகுதி பிளவுபடும், ஜப்பானின் பெரும்பகுதி கடலில் மூழ்கும் என்றார். அந்த ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜப்பான் அங்கேயே இருக்கிறது. எகிப்தில் ஸ்பிங்ஸ் சிலையருகே பழங்கால ஏடுகள் நிறைந்த அறை உள்ளது என்றார். அதுவும் கிடைக்கவில்லை.

கடலில் மூழ்கியதாகக் கதைகளில் வரும் அட்லாண்டிஸ் கண்டத்தின் ஒரு பகுதி 1968 அல்லது 1969 இல் மேலெழும் என்றும் அவர் கூறியிருந்தார். வியப்பாக, 1968 இல் பஹாமாஸ் தீவுகளின் பிமினி அருகே கடலடியில் பாதை போன்ற கல்வரிசையை முக்குளிப்போர் கண்டனர். ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தனர். ஆராய்ந்த நிலவியலாளர்களோ அவை இயற்கையாக உருவான கடற்கரைப் பாறைகள் என்று முடிவு கூறினர்.

1932 இல் விமானி லிண்ட்பெர்கின் குழந்தை கடத்தப்பட்டபோது கேசி சொன்ன குறிப்புகளும் உதவவில்லை. நோயாளிகள் தேறியதற்கும் முறையான மருத்துவச் சான்றுகள் குறைவு என்பதும், உடனிருந்த மருத்துவர்களிடமிருந்தே அவர் பலவற்றைக் கேட்டறிந்திருக்கலாம் என்பதும் விமர்சகர்களின் வாதம். விளக்கெண்ணெய்ப் பற்றை இன்றும் சிலர் பயன்படுத்துகின்றனர் என்பது உண்மையே. அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது ஆபத்து என்பதும் உண்மையே.

தன் உடலுக்குச் செவிசாய்க்காதவர்

1940களின் தொடக்கத்தில் தாமஸ் சக்ரூ எழுதிய வாழ்க்கை வரலாறும், 1943 இல் ஓர் இதழில் வந்த கட்டுரையும் கேசியின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. கேசியின் மகன்கள் இருவரும்கூடப் படையில் இருந்தனர். பிள்ளையைப் போருக்கு அனுப்பிய பெற்றோரின் தவிப்பு அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நாளொன்றுக்கு இருமுறைக்கு மேல் இவ்வாறு உறங்கினால் உடல் தாங்காது என்று அவருடைய சொந்த உறக்க உரையே எச்சரித்திருந்தது. கடிதங்களை ஒதுக்க மனம் வரவில்லை. நாளொன்றுக்கு நான்கு, ஆறு, சில நாள்களில் எட்டு முறைகூடப் படுத்தார். 1944 இல் உடல் முறிந்தது. அவருக்காகக் கேட்டபோது ஓய்வு ஒன்றே வழி என்று விடை வந்தது. பக்கவாதம் தாக்கியபின், 1945 ஜனவரி 3 ஆம் நாள், தமது 67 ஆம் வயதில் கேசி காலமானார். மூன்று மாதத்திற்குள், ஏப்ரல் 1 ஆம் நாள், மனைவி ஜெர்ட்ரூடும் மறைந்தார். இருவரும் ஹாப்கின்ஸ்விலில் அடக்கம் செய்யப்பட்டனர்.

கண்டங்கள் மூழ்கும் என்று அவர் சொன்ன சில உரைகளே இன்று அதிகம் பேசப்படுகின்றன. வர்ஜினியா பீச்சில் உள்ள அந்த ஆயிரக்கணக்கான பதிவுகளைப் புரட்டினாலோ, பெரும்பாலும் தென்படுவது வேறு: காய்ச்சல் விடாத குழந்தை, தலைவலியால் துடிக்கும் தாய், நடக்க முடியாத முதியவர். எட்கர் கேசியிடம் இருந்தது தெய்வீக ஆற்றலா, மனத்தின் விந்தையா என்ற விவாதம் ஓயவில்லை. தம்மை நம்பி எழுதியவர்களைக் கைவிட மனமில்லாமல் அவர் உயிரையே தேய்த்துக்கொண்டார் என்பதில் மட்டும் விவாதத்திற்கு இடமில்லை.