வில்லாளர் ஹொரேஸ் ஃபோர்டு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சார்ந்த சிற்றூர்களில் வளர்ந்த நம் மாணவர் பலர், திரௌபதியம்மன் திருவிழாவில் நிகழும் பாரதக் கூத்தில், அருச்சுனன் வேடந் தரித்தோன் வில்லேந்தி நிற்குங் கோலத்தைக் கண்டிருப்பர். நாணைச் செவியளவும் இழுத்தலே வீரர்க்கு அழகென்பது நம் புலவர் மரபு. ஆங்கில நாட்டிலும் அவ்வழக்கமே நிலவிற்று. எலிசபெத்து அரசியாருக்குக் கல்வி கற்பித்த ரோஜர் ஆஸ்கம் என்னும் பேராசிரியர், 1545-ம் ஆண்டில் வெளியிட்ட தமது வில்வித்தை நூலில் அதனையே ஏற்றுக்கொண்டார். முந்நூறு ஆண்டுகட்குப் பின் அம்மரபை ஆராய்ந்து மாற்றியவர் ஹொரேஸ் ஃபோர்டு என்பவராவர்.

இவர் 1822-ம் ஆண்டில் பிறந்தார். 1845-ம் ஆண்டில் வில்லைக் கையிலெடுத்தார். அக்காலத்தில் வில் போர்க்களத்தை விட்டு நீங்கி, கனவான்களின் பொழுதுபோக்காய்ச் சுருங்கியிருந்தது. இவரோ அதனை ஒரு சாஸ்திரமாகவே கருதிப் பயின்றார்.

செவிவரை இழுத்த அம்பின் அடி, குறிபார்க்குங் கண்ணுக்குப் புறத்தே ஒதுங்கி நிற்கும். ஆதலின் அம்பின் நுனி குறிக்கு நேராகத் தோன்றினும், வலக்கையால் நாணிழுப்பவனது அம்பு இடப்புறமே செல்லும். அவ்வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் உத்தேசத்தாலேயே திருத்த வேண்டும். இதனையுணர்ந்த ஃபோர்டு, அம்பு முழுவதுங் கண்ணுக்கு நேர் கீழே அமையுமாறு, நாணை முகவாய்க்குத் தாழ இழுத்து, எய்யுந்தோறும் அவ்வோரிடத்திலேயே கையை நிறுத்தினார். இங்ஙனங் கை வந்து நிலைக்கும் இடத்தையே இன்று வில்லாளர் நங்கூரப் புள்ளி என்பர். இதன் அருமையைக் கணக்கால் அறியலாம். 28 அங்குல அம்பின் அடி கால் அங்குலம் பக்கவாட்டில் பிசகினால், 100 கஜ தூரத்தில் அம்பு 30 அங்குலத்துக்கு மேல் விலகும். இலக்கின் நடுவிலிருந்து விளிம்போ 24 அங்குலமே!

1849 முதல் 1859 வரை பதினோராண்டு இடையறாது தேசிய வாகை சூடியவர் இவரே. இதனினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. வெற்றியின் நடுவிலேயே, 1856-ம் ஆண்டில், தம் முறை முழுவதையும் நூலாக எழுதிப் போட்டியாளர் யாவரும் அறிய வெளியிட்டார். மறுத்துரைப்போர் இருப்பின் களத்திலேயே மறுக்கலாமன்றோ? மறு ஆண்டு செல்ட்டன்ஹாமில் 288 அம்புகளுள் 245-ஐ இலக்கிற் சேர்த்து 1251 எண்கள் பெற்றார். அரை நூற்றாண்டிற்கு மேலாக அதனை மிஞ்சினார் எவருமிலர். 1867-ல் மீண்டும் களம் புகுந்து பன்னிரண்டாம் வாகையும் பெற்று, 1880-ல் காலமானார்.

அமெரிக்கரான ஆலன் அமைத்து 1969-ல் உரிமைப் பட்டயம் பெற்ற காம்பவுண்ட் வில், உருளைகளின் உதவியால், முழுதும் இழுத்த நிலையிற் கைக்குப் பாரத்தைக் குறைக்கின்றது. ஆயினும் கை தாடையெலும்பில் நாடோறும் ஒரே இடத்தில் அமராவிடின் அப்பொறியாலும் பயனில்லை.

கூத்து மேடையில் செவியளவு இழுத்த நாண் கண்ணுக்கு இனிதே. அதனை ஃபோர்டு இகழ்ந்தாரல்லர். பார்வைக்கு அழகியதும் குறிக்கு உரியதும் வேறாகலாம் என அளந்து கண்டார். கண்டதை மறையாது கொடுத்தார். கல்வி பயில்வோர்க்கு இவ்விரண்டும் வேண்டுவனவே.