ஆறு புள்ளிகளும் ஐந்து அப்பங்களும்



ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிச் சேர்க்கைக்காகப் பங்கு இல்லத்தின் வாசலில் பெற்றோர் வந்து நிற்பார்கள். அவர்களுள் பார்வையற்ற பிள்ளையையோ, காது கேளாத பிள்ளையையோ, பாடங்களைப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் பிள்ளையையோ கையில் பிடித்தபடி நிற்கும் தாயும் உண்டு. சிறப்பாசிரியர் இல்லை, கருவிகள் இல்லை, அதற்கான பணமும் இல்லை என்ற பதிலோடு அந்தத் தாய் பலமுறை திரும்பிச் செல்கிறார். அப்பதிலில் பொய் இல்லைதான். ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு முன், இதைவிட வறிய நிலையில் இருந்த ஒரு பங்கு, இதே கேள்விக்கு வேறு பதில் தந்தது. அதனால் உலகுக்குக் கிடைத்தவரே லூயி பிரெயில்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே என்ற சிற்றூரில், 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கடைக்குட்டியாக லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலாளி. லூயிக்கு மூன்று வயதானபோது, தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்றை எடுத்து விளையாடுகையில் அது ஒரு கண்ணில் குத்தியது. அக்காலத்தில் தகுந்த மருந்து இல்லை. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது.

அந்நாளைய பிரான்சில் ஏழை வீட்டுப் பார்வையற்ற பிள்ளைகள் பலருக்குப் பிச்சை எடுப்பதே பிழைப்பாக இருந்தது. லூயியின் பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. தந்தை ஒரு பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்துக் கொடுத்தார். மகன் அவற்றைத் தடவித் தடவி எழுத்துகளைக் கற்றான். பட்டறையில் கிடந்த மரமும் ஆணியும்தான் அவனுடைய முதல் பாடநூல்.

அவ்வூருக்கும் அது துன்ப காலம். நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி, 1814 முதல் 1816 வரை அந்நியப் படைகள் அடுத்தடுத்து வந்து தங்கின. தானியத்தையும் கால்நடைகளையும் மக்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த நேரத்தில், 1815-ஆம் ஆண்டு, அருள்தந்தை ழாக் பாலுயி அங்கே புதிய பங்குத்தந்தையாக வந்தார். முன்பு புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாக இருந்தவர் அவர். வறுமையில் வாடிய அந்தப் பங்கில் பார்வையற்ற ஒரு சிறுவனைக் கண்டார். சிறப்புக் கல்வி பற்றி அவர் எங்கும் படித்ததில்லை. அவரிடம் இருந்தது நேரம் மட்டுமே. சிறுவனைப் பங்கு இல்லத்திற்கு அழைத்து, விவிலிய நிகழ்வுகளைச் சொல்லித் தந்தார். மணத்தால் மலர்களையும் குரலால் பறவைகளையும் அறியப் பழக்கினார்.

பிறகு ஊர்ப் பள்ளிக்குச் சென்று, ஆசிரியர் அந்துவான் பெஷரேயிடம் லூயியைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். ஆசிரியரும் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் நாள்தோறும் லூயியைக் கைபிடித்து அழைத்துச் சென்றான். பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, காதால் கேட்டதை மனத்தில் பதித்து, லூயி முதல் வரிசை மாணவனாக விளங்கினான். அரசு ஆணையோ நிதி ஒதுக்கீடோ இல்லாமலே இது நடந்தது. ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கியதும் லூயி சும்மா இருக்க வேண்டியதாயிற்று. அன்பு மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அறிந்த பங்குத்தந்தை, ஊர்ப் பிரபுவின் உதவியை நாடினார். அவருடைய பரிந்துரையால் உதவித்தொகை கிடைக்க, 1819 பிப்ரவரியில், பத்து வயதில், பாரிசில் இருந்த பார்வையற்ற சிறுவருக்கான அரசுப் பள்ளியில் லூயி சேர்ந்தார்.

அது வாலன்தேன் அவுயி என்பவர் 1785-இல் தொடங்கிய பள்ளி. ஒரு பழைய குருமடக் கட்டடத்தில், ஈரமும் இருளும் சூழ இயங்கி வந்தது. அங்கே சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைக்க அச்சிட்டிருந்தார்கள். அந்நூல்கள் கனமானவை, செலவு மிக்கவை. ஆகவே எண்ணிக்கையில் மிகச் சிலவே இருந்தன. ஒவ்வோர் எழுத்தாகத் தடவி வாசிக்க நெடுநேரம் ஆகும். அம்முறையில் மாணவர் தாமாக எழுதுவதும் எளிதல்ல.

1821-இல் சார்ல் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, புடைப்புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறை ஒன்றைப் பள்ளிக்கு அறிமுகம் செய்தார். அதில் ஒரு குறியீட்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல்நுனிக்குள் அது அடங்கவில்லை. சொற்களின் சரியான எழுத்துக்கூட்டலுக்கும் அதில் இடமில்லை. லூயி இரவிலும் விடுமுறையிலும் உழைத்து, 1824-இல், தம் பதினைந்தாம் வயதில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அந்த ஆறைக் கொண்டு 63 குறியீடுகள் அமைக்கலாம். கணக்கும் இசையும் அவற்றுள் அடங்கின. தடித்த தாள், ஒரு சட்டம், ஒரு குத்தூசி இருந்தால் ஏழை மாணவனும் தன் கையாலேயே எழுதலாம். 1829-இல் இம்முறை நூலாக வெளிவந்தது.

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். ஆனால் அவருடைய எழுத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் வாதிட்டனர். 1840-இல் வந்த புதிய இயக்குநர் அதை ஒதுக்கி வைத்தார். மாணவர்களோ மறைவாக அதிலேயே எழுதிவந்தார்கள். பிரிவினை பற்றிய கவலைக்கு லூயி ஏற்கெனவே தம் உழைப்பால் விடை தந்திருந்தார். பார்வையற்றவர் எழுதும் கடிதத்தை வீட்டார் கண்ணால் வாசிக்கும்படி, சாதாரண எழுத்துகளைப் புள்ளிகளால் வரையும் வேறொரு முறையை அவர் 1839-இல் வெளியிட்டிருந்தார். 1844-இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் ஆறு புள்ளி முறை வெளிப்படையாகப் பாராட்டப்பட்டது. 1854-இல் பள்ளி அதை முறைப்படி ஏற்றது.

அதைக் காண அவர் உயிரோடு இல்லை. இளம் வயதிலேயே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. பாரிசின் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தும் பாடம் கற்பித்தும் ஈட்டிய சிறு வருவாயில் ஏழை மாணவர்களுக்கு உதவினார். தமக்குக் கிடைத்த ஆர்கன் பணியைக்கூடத் தம்மைவிடத் தேவையில் இருந்த ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். தம்மிடம் கடன் பெற்றவர்களின் சீட்டுகள் இருந்த பெட்டியைத் தம் இறப்புக்குப் பின் எரித்துவிடச் சொல்லியிருந்தார். அருளடையாளங்களைப் பெற்று, திருக்காட்சிப் பெருவிழாவின் மரபு நாளான ஜனவரி 6 அன்று, 1852-இல், 43-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், பிரான்சு நாடு அவரது உடலைப் பாரிசில் பெரியோர் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டுசென்றது. அவருடைய கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது. இந்தியாவில் 1951-இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் வழியாக, நம் தமிழையும் இன்று அந்த ஆறு புள்ளிகளே தாங்குகின்றன.

அன்புக்குரியவர்களே, பெருங்கூட்டத்தின் பசிக்கு முன்னால் ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து அப்பங்களும் இரு மீன்களும் எம்மாத்திரம் என்று அந்திரேயா கலங்கினார். ஆண்டவரோ இருந்ததைக் கையில் வாங்கி, நன்றி செலுத்திப் பகிர்ந்தார். கூப்வ்ரேயிலும் அதுவே நடந்தது. தந்தையின் ஆணிப் பலகை, பங்குத்தந்தையின் நேரம், ஆசிரியர் தந்த இடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை, பிரபுவின் பரிந்துரை. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தச் சிறுவன் தெருவோரத்தில் நின்றிருக்கலாம்.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தந்துள்ளது. சட்டம் தந்த உரிமையை நம் பங்கு மறுக்கலாமா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் சில கேள்விகளை எழுப்புவோம். நம் அன்பியங்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகள் யார்? அவர்களை மறைக்கல்வி வகுப்புக்குக் கைபிடித்து அழைத்து வரப்போவது யார்? பாடங்களை வாசித்துக் காட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் யார் முன்வருவார்? சிறப்பாசிரியரையும் கருவிகளையும் பெற்றுத்தர யாரை அணுகலாம்? பதில்களோடு போய், வாசலில் நிற்கும் தாயை உள்ளே அழைப்போம். மிச்சத்தை அப்பங்களைப் பெருக்கியவர் பார்த்துக்கொள்வார்.