நூலகர் ரங்கநாதன்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் கீரனூர் என்றோர் ஊர் உளது. நார்த்தாமலையையும் குன்றாண்டார்கோயிலையும் காணச் செல்வோர் அவ்வூரை அறிவர். அவ்வூர் மாணவனொருவன் தன் ஊரைப் பற்றிய நூல்களைக் காண விழைந்து ஒரு நூலகத்தினுட் புகுவதாக வைத்துக்கொள்வோம். கீரனூர் என்னும் ஒரு சொல்லே அவன் கையிலுள்ள கருவி. அச்சொல்லைக் கொண்டு தேடின், பழனிக்கு அருகிலுள்ள கீரனூரும் உடன் வந்து நிற்கும். அதுவன்றி, அவன் ஊர் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிற் சேர்ந்தது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டத்திற்குரியதாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதைப் பற்றிய நூல்கள் மூன்று விலாசங்களின்கீழ்ப் பிரிந்து கிடக்கக் கூடும். கேட்பவன் மொழி வேறு. நூல்களை அடுக்கி வைத்தவன் மொழி வேறு. இவ்விரண்டிற்கும் இடையே பாலமிடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட எஸ். ஆர். ரங்கநாதனது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அவர் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தஞ்சை ஜில்லாச் சீகாழியிற் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பயின்று 1913-இல் பி. ஏ. பட்டமும், 1916-இல் கணிதத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கே கணிதம் போதித்த எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர்பால் அவர் கொண்ட பக்தி ஆயுள் முழுதும் நீடித்தது. பின்னர் மங்களூரிலும், கோயம்புத்தூரிலும், சென்னை இராஜதானிக் கலாசாலையிலும் கணித ஆசிரியராயிருந்தார்.

சென்னைச் சர்வகலாசாலை 1924-இல் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது. நூலகத் தொழிலை அவர் விரும்பி ஏற்றாரென்று கூறுவதற்கில்லை. மாணவர் கூட்டத்தின் நடுவே வாழ்ந்து பழகியவருக்கு அவ்வேலையின் தனிமை பொறுக்கலாற்றாததாயிற்று. பழைய வேலைக்கே மீள முயன்றவரை, முதலில் இங்கிலாந்து சென்று அக்கலையைக் கற்று வருமாறு தேற்றி அனுப்பினர். லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் பகுப்பு முறையைப் பயின்றார். அக்காலத்தே கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் காண நேர்ந்தது. சில இரும்புத் தகடுகளும், திருகாணிகளும், சக்கரங்களுமே அதிலுள்ளவை. அவற்றை மாற்றி மாற்றிப் பூட்ட, வெவ்வேறு உருவங்கள் தோன்றுகின்றன. நூற்பொருள்களையும் இங்ஙனமே சிறு சிறு உறுப்புகளாக்கிப் பூட்டினாலென்ன என்னும் எண்ணம் அவருள்ளத்தே உதித்தது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைக் கண்டு ஒரு சாஸ்திரத்தையே எண்ணியவர் வேறெவரேனும் உளரோ, அறியோம்.

அவ்வெண்ணத்தின் விளைவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. இம்முறையில் எல் என்னும் ஆங்கில எழுத்து வைத்தியத்தைக் குறிக்கும். அதன்பின் 45 வரின் நுரையீரல். 421 வரின் க்ஷயரோகம். 44 வரின் இந்தியா. ஓ என்னும் எழுத்து இலக்கியம், 31 தமிழ். உறுப்புகளைப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். 1952-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐவகைக் கூறுகளை வகுத்து, காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய வெவ்வேறு குறிகளை அவற்றிற்கு ஏற்படுத்தினார். ஒரு புள்ளி பிறழின் பொருளே பிறழும். பதிப்புக்குப் பதிப்பு விதிகள் மாறியமையால், பழைய விதிப்படி எழுதிய எண்ணைப் புதிய விதிப்படி படிப்போர் இடர்ப்பட்டனர். ஆசிரியரிடத்து நமக்குள்ள மதிப்புக் குறையாமலே, இதனை ஒரு குறையென்று கூறுவோம்.

ஆயினும் அவ்வெண்மொழியை வாசகன் கற்றே தீரவேண்டுமென்று அவர் வற்புறுத்தவில்லை. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் வாசகனது காலத்தை வீணாக்கலாகாதென்பதும் ஒன்று. அவ்விதிக்கிணங்க அவர் கண்ட உபாயத்தைச் சங்கிலி முறை என்பர். வைத்தியம், நுரையீரல், க்ஷயம் என்று எண் பொதுவினின்று சிறப்புக்குச் செல்கிறதன்றோ? அச்சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து திருப்பிப் படிப்பர். க்ஷயம், நுரையீரல், வைத்தியம் என ஒரு சீட்டு. நுரையீரல், வைத்தியம் என மற்றொன்று. வைத்தியம் எனப் பிறிதொன்று. ஒவ்வொரு சீட்டிலும் உரிய எண் குறிக்கப்பெறும். வாசகன் தானறிந்த சொல்லை அகர வரிசையிற் கண்டு, எண்ணுக்கு வழி பெறுவான். கீரனூர், புதுக்கோட்டை எனவும், கீரனூர், பழனி எனவும் இரு சீட்டுகள் நின்றால் நம் மாணவனுக்கு மயக்கமேது? பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் 1950-இல் தொடங்கியபோது இச்சங்கிலி முறையையே கைக்கொண்டது. கோலன் எண்களை ஏலாத தேசத்தார் இப்பாலத்தை ஏற்றனரென்பது கவனிக்கற்பாலது.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுதற்கும், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறுதற்கும் அவர் பெரிதும் காரணராயிருந்தார். காசியிலும் டில்லியிலும் பணியாற்றியபின், 1962-இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆண்டுகள் பல சேர்த்த பொருளில் ஓரிலக்ஷம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு வழங்கினார். அதற்கு அவர் மனைவியார் சாரதையின் பெயரையும் சேர்த்தே வைத்தனர். 1972 செப்டம்பர் 27-இல் பெங்களூரில் காலமானார்.

சீட்டுப் பெட்டிகளின் இடத்தில் இப்பொழுது கணினிகள் நிற்கின்றன. அவற்றிற்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று, நாம் சொல்லைத் தட்டெழுதித் தேடும் பக்கம். மற்றொன்று, ஒரு நிரல் மற்றொரு நிரலோடு பேசும் இடைமுகம். கீரனூர் கல்வெட்டு என்னும் இரு சொற்களை இட்டால், ஒரு வாயில் இரண்டும் உள்ள நூல்களை மட்டும் தரும். பிறிதொன்று ஏதேனும் ஒன்று உள்ளவற்றையெல்லாம் வாரிக் கொட்டும். லூசீன் என்னும் தேடற்கருவியின் இலக்கணப்படி, சொல் தலைப்பில் வருவதா, இடப்பெயரில் வருவதா என்று புலத்தின் பெயரை முன்னர்க் கூறி, நடுவே முக்காற்புள்ளியிட்டுச் சொல்லை எழுதுதல் வேண்டும். அம்முக்காற்புள்ளி தற்செயலாய் வந்ததென்றே கொள்கிறோம். நம் கீரனூர் மாணவன் அவ்வாயிலிற் கேட்கப் புகின், இடம், முக்காற்புள்ளி, கீரனூர் என்று எழுதி, புதுக்கோட்டையையும் தனியே சேர்த்தெழுதுவானாக. 1948-க்கு முற்பட்ட நூல்களையும் வேண்டுவானாயின், சமஸ்தானம் என்னும் சொல்லையும் மறவானாக.