லியோ ஃபெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஓர் அமெரிக்கப் புத்தாக்குநரும் இசைக்கருவி உற்பத்தியாளரும் ஆவார். லியோ ஃபெண்டர் என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின் கித்தார்களும் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் பேஸ் கித்தாரும் இவரது நிறுவனத்தில் உருவானவை. தந்திகளின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் என்னும் உறுப்பின் வளர்ச்சியில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு. கித்தார் உலகையே மாற்றியமைத்த இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது.

பிறப்பும் இளமையும்

லியோ அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்டன், அனாகைம் ஆகிய ஊர்களுக்கு அருகே பிறந்தார். இவரது பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர். சிறு வயதிலேயே லியோ ஒரு கண்ணை இழந்தார். அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண் பொருத்தியிருந்தார். இதன் காரணமாக இரண்டாம் உலகப் போரின்போது இவர் படைச் சேவைக்கு அழைக்கப்படவில்லை.

இவரது மாமா ஒருவர் சாந்தா மரியா நகரில் வாகன மின்சாதனக் கடை நடத்தி வந்தார். 1922-இல் அவர் அனுப்பிய ஒரு பெட்டி மின் உதிரிப்பாகங்களும், அவரது கடையில் கண்ட வானொலிப் பெட்டியும் லியோவுக்கு மின்னணுவியலில் ஆர்வத்தை ஏற்படுத்தின. பள்ளி நாட்களிலேயே இவர் வானொலிகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார். எனினும் கல்லூரியில் இவர் பயின்றது கணக்கியல் ஆகும். மின்னணுவியலில் இவருக்கு முறையான கல்வி எதுவும் இல்லை.

1934-இல் எஸ்தர் கிளாஸ்கி என்பவரைத் திருமணம் செய்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் பின்னர் ஒரு டயர் நிறுவனத்திலும் கணக்கராகப் பணியாற்றினார். பெருமந்தக் காலத்தில் வேலை பறிபோனது. 1938-இல் 600 டாலர் கடன் பெற்று ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிற்சாலைக்கு

அக்காலத்தில் நடனக் குழுக்களில் வாத்தியங்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. கித்தாரின் மெல்லிய ஒலி முரசு, ஊதுகொம்பு ஆகியவற்றின் நடுவே கேட்காமல் போனது. கித்தாரில் ஒலிவாங்கியோ பிக்கப்போ பொருத்திப் பெருக்கியுடன் இணைத்தால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கித்தாரின் உள்ளீடற்ற உடலை மீண்டும் அதிரச் செய்து ஊளைச் சத்தம் எழுப்பும். இந்தக் குறைகளோடு இசைக்கலைஞர்கள் லியோவின் கடைக்கு வந்தனர். உடைந்த கருவிகளைத் திறந்து பார்த்தே எங்கு தவறு நேர்கிறது என்பதை இவர் கற்றுக்கொண்டார்.

கடைக்கு வந்தவர்களுள் ஒருவர் டாக் காஃப்மன் என்னும் இசைக்கலைஞர். அவர் ரிக்கன்பேக்கர் நிறுவனத்துடன் பணியாற்றிய அனுபவம் உடையவர். இருவரும் 1943-இல் ஒரு பிக்கப்பைச் சோதிப்பதற்காகத் திண்ம மரத்தாலான சிறிய கித்தார் ஒன்றைச் செய்தனர். சோதனைக்காக மட்டுமே செய்யப்பட்ட அக்கருவியை உள்ளூர்க் கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துச் சென்று வாசித்தனர். தந்திகள் சுருளின் ஊடாகவே செல்லும்படி அமைந்த அந்தப் பிக்கப்புக்கு 1944-இல் காப்புரிமை கோரினர்; 1948-இல் அது வழங்கப்பட்டது. 1945-இல் இருவரும் சேர்ந்து மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கித்தார்களையும் பெருக்கிகளையும் தயாரிக்கத் தொடங்கினர். தொழிலை விரிவாக்கக் கடன் வாங்குவதைக் காஃப்மன் விரும்பவில்லை. 1946-இல் அவர் விலகியபின் லியோ தம் பெயரில் தனியாக நிறுவனம் தொடங்கினார்.

பிக்கப் இயங்கும் முறை

பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் ஆகும். கித்தாரின் எஃகுத் தந்திகள் காந்தப்புலத்தினுள் அதிரும்போது அப்புலம் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியே இதன் அடிப்படை. தந்தி நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் அதே அதிர்வெண் கொண்ட மின்னலை கிடைக்கிறது. அது பெருக்கிக்குச் சென்று ஒலியாகிறது. எனவே நைலான் தந்திகளை இவ்வகைப் பிக்கப் உணராது.

சுருளுக்குப் பயன்படும் கம்பி தலைமுடி அளவே தடிமனானது, ஏறத்தாழ 0.06 மி.மீ. பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்படும். சுற்றுகள் கூடினால் வெளியீடு வலுக்கும். ஆனால் உச்ச அதிர்வெண்கள் மங்கும். காந்தம் வலுவாக இருந்தாலோ தந்திக்கு மிக அருகில் இருந்தாலோ தந்தியைத் தன்பால் இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். பிக்கப் அமைந்துள்ள இடமும் முக்கியமானது. பாலத்தின் அருகே தந்தியின் அசைவு குறைவு. அங்கு மேற்சுரங்கள் ஓங்கி ஒலிப்பதால் ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்தின் அருகே அடிப்படைச் சுரம் வலுத்து ஒலி கனிந்திருக்கும்.

மின் கித்தாருக்கான முதல் வெற்றிகரமான காந்தப் பிக்கப்பை 1931-இல் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கினார். அதில் குதிரை லாட வடிவக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்திருந்தன.

டெலிகாஸ்டர்

1950-இல் லியோவின் நிறுவனம் எஸ்குயர் என்ற திண்ம உடல் கித்தாரை வெளியிட்டது. அதே ஆண்டு இரண்டு பிக்கப்புகளுடன் பிராட்காஸ்டர் என்ற வடிவம் வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறத்தாழ இதே பெயரில் முரசுகளை விற்று வந்தமையால் மறுப்புத் தெரிவித்தது. லியோ பெயரைக் கைவிட்டார். 1951-இல் சில காலம் பெயரில்லாமலேயே கித்தார்கள் விற்கப்பட்டன. பின்னர் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைபெற்றது.

திண்ம உடல் கித்தாரை முதன்முதலில் செய்தவர் லியோ அல்லர். லெஸ் பால், பால் பிக்ஸ்பி முதலியோர் அவருக்கு முன்பே அதை முயன்றிருந்தனர். ஆனால் தொழிற்சாலையில் பெருமளவில் செய்து, சாதாரணக் கலைஞரும் வாங்கும்படி விற்று வெற்றி கண்டவர் இவரே. டெலிகாஸ்டரின் உடல் ஒரு மரப்பலகை. கழுத்து நான்கு திருகுகளால் மட்டுமே பிணைக்கப்பட்டது. கழுத்து பழுதானால் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். பழுதுபார்ப்பவராக இருந்த அனுபவமே இந்த எளிமைக்குக் காரணம். பாலத்தின் அருகே உள்ள பிக்கப்பின் அடியில் ஓர் எஃகுத் தகடு வைக்கப்பட்டது. அக்கருவியின் கூரிய ஒலிக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

பிரிசிஷன் பேஸ்

1951-இல் வெளிவந்த பிரிசிஷன் பேஸ் மற்றொரு மாற்றத்தை ஏற்படுத்தியது. அதுவரை பேஸ் கலைஞர்கள் ஆளுயரக் கருவியைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. லியோவின் பேஸைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்ததால் சுரம் துல்லியமாக அமைந்தது. துல்லியம் என்ற பொருள் தரும் பெயர் இதனாலேயே வைக்கப்பட்டது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர்

டெலிகாஸ்டரின் உடல் விளிம்பு நெஞ்சில் குத்துகிறது எனக் கலைஞர்கள் குறை கூறினர். லியோ கலைஞர்களைத் தொழிற்சாலைக்கு அழைத்து மாதிரிகளை வாசிக்கச் செய்து குறைகளைக் கேட்பது வழக்கம். பில் கார்சன் உள்ளிட்ட கலைஞர்களின் கருத்துகளைக் கொண்டும், ஃபிரெடி டவாரெஸ் என்ற உடன்பணியாளரின் உதவியுடனும் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் உருவானது. உடலுக்கேற்ற வளைவுகள், மூன்று பிக்கப்புகள், சுருதியை அசைக்கும் நெம்புகோல் ஆகியவை இதன் சிறப்புகள்.

முதலில் இதில் மூன்று நிலை ஆளி மட்டுமே இருந்தது. ஆளியை இரு நிலைகளுக்கு இடையே நிறுத்தினால் இரண்டு பிக்கப்புகள் ஒருங்கே இயங்கிப் புதிய ஒலி தருவதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். இது லியோ திட்டமிடாத ஒன்று. 1977-இல் ஐந்து நிலை ஆளி இயல்பாகப் பொருத்தப்பட்டது. பட்டி ஹாலி, ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன் முதலியோர் இக்கருவியால் புகழ்பெற்றனர்.

இரைச்சல் சிக்கலும் பிக்கப் வகைகளும்

லியோவின் முதற் கருவிகள் அனைத்தும் ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்டவை. ஒற்றைச் சுருள் தெளிவான ஒலி தரும். ஆனால் சுருள் ஓர் அலைவாங்கி போலவும் செயல்படும். அறையிலுள்ள மின்மாற்றிகள், விளக்குகள் ஆகியவற்றின் மாறுமின் புலத்தையும் அது உள்வாங்கி, ரீங்கார இரைச்சலாக வெளிவிடும்.

கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனைகளை மற்றொன்றுக்கு எதிராக அமைத்து, சுருள்களையும் எதிரெதிர்த் திசையில் இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துவிடும். தந்தியின் அலையோ காந்தமும் திசையும் இரண்டும் மாறியிருப்பதால் ஒன்றுகூடி வலுப்பெறும். ஹம்பக்கர் எனப்படும் இது 1957 முதல் கிப்சன் கித்தார்களில் இடம்பெற்றது. ஆயினும் ஒரே தந்தியை இரண்டு இடங்களில் உணர்வதால் சில உச்ச மேற்சுரங்கள் குறைந்து ஒலி தடிப்பாகும்.

லியோவின் விடை வேறுவிதமாக இருந்தது. 1957-இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இவர் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி இரண்டு தடித்த தந்திகளையும் மறு பாதி இரண்டு மெல்லிய தந்திகளையும் உணரும். இரு பாதிகளும் எதிரெதிராக இணைக்கப்பட்டதால் இரைச்சல் அழிந்தது. ஒவ்வொரு தந்தியும் ஒரு சுருளின் மேல் மட்டுமே இருந்ததால் தெளிவு குறையவில்லை.

1958-இன் ஜாஸ்மாஸ்டரில் அகன்று தட்டையான ஒற்றைச் சுருள் பயன்பட்டது. இது மென்மையான ஒலி தந்தது. 1962-இன் ஜாகுவார் கித்தாரில் பிக்கப்பைச் சுற்றிப் பற்கள் கொண்ட எஃகுத் தகடு பொருத்தி இரைச்சலைக் குறைக்க முயன்றார்.

நிறுவனத்தின் விற்பனை

1950-களின் நடுப்பகுதியிலிருந்து லியோ தொற்றுநோய் ஒன்றால் தொடர்ந்து அவதியுற்றார். தாம் நெடுநாள் வாழமாட்டோம் எனக் கருதி நிறுவனத்தை விற்க முடிவு செய்தார். 1965 சனவரியில் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் 13 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. முந்தைய ஆண்டில் அதே நிறுவனம் நியூயார்க் யாங்கீஸ் அடிபந்தாட்ட அணியின் 80 விழுக்காட்டை 11.2 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது.

சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் லியோ நலம் பெற்றார். ஆனால் விற்பனை ஒப்பந்தப்படி பத்து ஆண்டுகள் அவர் போட்டித் தொழிலில் ஈடுபட இயலாது. தம் பெயரும் இப்போது பிறருக்கு உரியது. புதிய உரிமையாளரின் காலத்தில் கருவிகளின் தரம் குறைந்ததாகக் கலைஞர் பலர் கருதினர். விற்பனைக்கு முன் செய்யப்பட்ட கித்தார்கள் பின்னர் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. 1985-இல் ஊழியர் குழு ஒன்று சி.பி.எஸ்.-இடமிருந்து நிறுவனத்தை மீட்டது.

பிற்காலப் பணிகள்

1975-இல் லியோ மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். 1976-இல் வந்த அதன் ஸ்டிங்ரே பேஸில் பெரிய ஹம்பக்கர் ஒன்றும் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியும் இடம்பெற்றன. முன்பெருக்கி கருவியினுள்ளேயே இருந்ததால், நீண்ட இணைப்புக் கம்பியில் உச்ச ஒலிகள் இழக்கப்படுவது தவிர்க்கப்பட்டது.

1979-இல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். 1980-இல் லியோ பிலிஸ் என்பவரை மணந்தார். அதே காலத்தில் நெடுநாள் நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு இவர் வடிவமைத்த பிக்கப்பில் தந்திகளின் கீழ் இருந்தவை காந்தங்கள் அல்ல. உயரத்தை மாற்றக்கூடிய இரும்புத் தண்டுகள். அடியில் வைத்த பீங்கான் வகைக் காந்தப் பட்டை அவற்றுக்குக் காந்தத்தன்மை அளித்தது. இதனால் ஒவ்வொரு தந்தியின் ஒலியளவையும் தனித்தனியே சரிசெய்ய முடிந்தது.

மறைவும் சிறப்புகளும்

இறுதி ஆண்டுகளில் லியோ பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டார். கைகள் நடுங்கிய நிலையிலும் தொழிற்கூடத்துக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று ஃபுல்லர்டனில் தம் 81-ஆம் வயதில் காலமானார். 1992-இல் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2009-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது இவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது.

முக்கியக் கருவிகள்

- எஸ்குயர், பிராட்காஸ்டர் (1950)
- டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் (1951)
- ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954)
- ஜாஸ்மாஸ்டர் (1958)
- ஜாஸ் பேஸ் (1960)
- ஜாகுவார் (1962)
- மஸ்டாங் (1964)
- ஸ்டிங்ரே பேஸ் (1976)