சோம்பல் என்றார்கள், அது மலேரியா: தோட்டக் காய்ச்சலை விரட்டிய மால்கம் வாட்சன்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களில் சிலர், லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எண்ணெய் தெளிக்க ஆள் வந்ததை இன்றும் சொல்வார்கள். மலாயாவில் அந்த வேலை பரவக் காரணமானவர்களில் முதன்மையானவர் டாக்டர் மால்கம் வாட்சன்.

ஸ்காட்லாந்தில் 1873இல் பிறந்த அவர், 1900இல் மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்தார். மறு ஆண்டு கிள்ளானுக்கு வந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை நம்பி, சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்ட வைத்தார் வாட்சன். 1901இல் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1905இல் 12 பேர் மட்டுமே.

பிறகு அவர் கவனம் தோட்டங்களின் பக்கம் திரும்பியது. கப்பலில் வந்து இறங்கிய நம் மக்கள் அங்கே கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். ஊர் ஏக்கம், கடன், கங்காணியிடம் பயம் எல்லாம் அவர்களுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் சோம்பேறிகள், பலவீனர்கள், அசுத்தமானவர்கள் என்று அவர்கள் குணத்தின் மீதே பழி போடுவது துரைமார்களுக்கு வசதியாக இருந்தது.

உண்மை வேறு. மலேரியா இரத்தத்தைக் குறைத்து உடலைச் சோர வைக்கும். காய்ச்சல் வந்தவர் வேலைக்குப் போக முடியாது. அன்றைய கூலி கிடையாது. சாப்பாடு குறையும். அடுத்த காய்ச்சல் இன்னும் பலமாக அடிக்கும். சோம்பல் என்று சொல்லப்பட்டது நோயின் அடையாளமே.

குன்றுத் தோட்டங்களில் வாட்சனுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்றுகளில் காட்டை வெட்டினால் கூடியது. மாக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் முட்டையிடும். காடு போனதும் ஓடையில் வெயில் விழுந்தது. குன்றுகள் நிறைந்த நெகிரி செம்பிலானும் இதற்குத் தப்பவில்லை. செலாங்கூரின் சீஃபீல்ட் தோட்டத்தில், ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே ஓட வைத்தார். பின்னர் எண்ணெய் தெளிப்பும் வந்தது.

தோட்ட முதலாளிகள் இதற்குப் பணம் செலவழித்தது இரக்கத்தால் மட்டும் அல்ல. ஆள் செத்தால் பால் வெட்ட ஆள் இல்லை. எப்படியோ, பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன. 1924இல் சர் பட்டம் பெற்ற வாட்சன், பின்னர் லண்டன் ராஸ் நிலையத்தில் பணியாற்றி, 1955இல் மறைந்தார்.

மன அழுத்தத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஷெல்டன் கோஹன் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், 394 பேருக்குச் சளிக் கிருமி கொடுத்துப் பார்த்தபோது, மன அழுத்தம் கூடியவர்களையே அது அதிகம் தொற்றியது. ஆனால் கிருமி வந்தால்தானே தொற்று? கவலையை மட்டும் போக்கி ஓடையை விட்டிருந்தால் லயத்தில் சாவு நின்றிருக்காது.

இன்று டெங்கியோ காசநோயோ வந்த வீட்டில், அவர் குணமே அப்படி, கவலைப்பட்டே இழுத்துக்கொண்டார் என்று பேசுகிறோம். நோயாளிக்கு ஆறுதல் சொல்வோம். கூடவே, வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது என்றும் பார்ப்போம்.