வலங்கைமானிலிருந்து புனே வழியாக: மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

புனேயில் டெக்கான் ஜிம்கானா பக்கம் போய் வருகிற நம் அங்கத்தினர்கள் கோகலே இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பார்கள். பொருளாதாரம் படிக்க நம் வீட்டுக் குழந்தைகள் சிலரும் அங்கே சேர்ந்ததுண்டு. அந்த வளாகம் இந்திய ஊழியர் சங்கத்தினுடையது. 1905-இல் கோபால கிருஷ்ண கோகலே தொடங்கிய சங்கம் அது. 1915-இல் அவர் காலமானதும் தலைவராக வந்தவர் மராத்தியர் அல்லர். கும்பகோணத்துக்கு அடுத்த வலங்கைமான்காரர். பாடைக்கட்டி மாரியம்மனுக்கும் பட்டாசுக்கும் பெயர்போன ஊர் என்றுதான் இன்று நமக்கு அதைத் தெரியும்.

நான் வேலை கிடைத்துப் புனே வந்தது 1971-இல். மறு வருஷம் அப்பா ஊரிலிருந்து வந்தார். பர்வதி கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். அவரோ முதலில் இந்திய ஊழியர் சங்கத்துக்குப் போக வேண்டும் என்றார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சாஸ்திரியார்தான் துணைவேந்தர். அங்கே போனதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சற்று நேரம் சும்மா நின்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்று காலேஜில் நாங்கள் கேலி பேசிய மனுஷருக்கு இவ்வளவு மரியாதையா என்று தோன்றிற்று. அப்பாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை நானே தேடிக்கொள்ள ஏறத்தாழ இருபது வருஷம் ஆயிற்று.

சாஸ்திரியார் பிறந்தது 1869 செப்டம்பர் 22. ஏழை வைதீகக் குடும்பம். கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பு, அங்கேயே அரசுக் கல்லூரியில் பி.ஏ. பிறகு மாயவரம், சேலம் என்று வாத்தியார் வேலை பார்த்து, கடைசியில் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியர் ஆனார். ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதில் அந்நாளில் அவருக்கு ஈடு சொல்வது கடினம். ஒரு சொல்லின் உச்சரிப்பு தவறினால்கூடப் பொறுக்கமாட்டாராம்.

பலருக்கு நினைவில் இல்லாத ஒரு விஷயம் உண்டு. 1904-இல் திருவல்லிக்கேணியில் அரிசி, பருப்பு நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்று ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தார்கள். டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் சொல்வார்களே, அதுதான். அதை ஏற்படுத்தியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். பிற்காலத்தில் லண்டனிலும் ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் பேசியவரின் பொதுவாழ்வு மளிகைக் கணக்கில் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

தலைமையாசிரியர் பதவி என்றால் அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. குடும்பஸ்தர் வேறு. அதை விட்டுவிட்டு 1907-இல் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். அங்கத்தினர்கள் ஏழு பிரதிக்ஞைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்கென்று பணம் தேடுவதில்லை, சங்கம் குடும்பத்துக்குக் கொடுக்கிற சொற்பத் தொகையோடு திருப்தியாக இருப்பது என்பதும் அவற்றில் அடக்கம். நாட்டு விவகாரங்களைப் புள்ளிவிவரத்தோடு படிக்க வேண்டும், எதிராளியின் வாதத்தையும் முழுக்கத் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது கோகலேயின் வழி. சாஸ்திரியாருக்கு அது ரத்தத்திலேயே ஊறிப்போயிற்று. அவர் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான் என்று சொல்வேன்.

கோகலே மறைந்த அதே 1915-இல் காந்திஜி சங்கத்தில் சேர விரும்பினார். அங்கத்தினர்களிடையே அபிப்பிராய பேதம் வந்தது. சங்கடம் வேண்டாம் என்று காந்திஜியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் இருவருக்கும் அரசியலில் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் சகோதர பாசம் கடைசிவரை குறையவில்லை. மகாதேவ தேசாய் மொழிபெயர்த்த காந்திஜியின் சுயசரிதையின் ஆங்கிலத்தை மறுபதிப்புக்காக வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார்தான். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் நிபந்தனை.

1919-இல் ரௌலட் மசோதா இம்பீரியல் சட்டசபைக்கு வந்தது. விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைக்க வழிசெய்யும் சட்டம். சாஸ்திரியார் அதை எதிர்த்துப் பேசிய பேச்சைக் காந்திஜி பார்வையாளராக இருந்து கேட்டிருக்கிறார். வைஸ்ராய் செம்ஸ்போர்டு மயங்கினாற்போல் கேட்டுக்கொண்டிருந்தாராம். பேச்சு முடிந்தது, மசோதா நிறைவேறியது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று காந்திஜி முடிவுகட்டி சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். சாஸ்திரியாரோ சத்தியாக்கிரகத்தையும் எதிர்த்து அறிக்கையில் கையெழுத்திட்டார். இந்த இடத்தில் அவர் பக்கம் பேச எனக்கு இன்றும் நா எழவில்லை.

1921-இல் அவருக்கு பிரிவி கவுன்சிலர் பட்டம் கிடைத்தது. அரசருக்கு ஆலோசனை சொல்கிறவர் என்று அர்த்தம். மகாகனம் என்ற அடைமொழி அதனால் வந்ததுதான். இப்போது கவுன்சிலிங் என்றால் நம் வீடுகளில் இன்ஜினியரிங் சீட்டுதான் ஞாபகம் வரும்! அந்தக் கவுன்சிலர் பதவியில் தினசரி வேலை ஒன்றும் கிடையாது, அந்தஸ்துதான். ஆனால் சாஸ்திரியார் அந்த அந்தஸ்தை எடுத்துக்கொண்டுபோய் கடல் கடந்த இந்தியக் கூலிக்காரர்களுக்காகச் செலவழித்தார்.

அந்த வருஷமே லண்டனில் நடந்த இம்பீரியல் மாநாட்டில், டொமினியன்களில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஏற்கச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் மட்டும் இணங்கவில்லை. அடுத்து ஜெனீவாவில் சர்வதேச சங்கம், பிறகு வாஷிங்டனில் கடற்படை மாநாடு. 1922 பிப்ரவரியில் அந்த உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டதும் அவரே. அதே வருஷம் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று சுற்றி ஊர் ஊராகப் பேசினார். 1925-இல் ஆஸ்திரேலியா அங்கிருந்த இந்தியர்களுக்கு மத்தியத் தேர்தலில் ஓட்டுரிமை கொடுத்தது. கனடாவில் பேச்சை ரசித்துக் கைதட்டினார்கள், ஓட்டுரிமை தரவில்லை.

அடி விழுந்தது 1923-இல், கென்யா விஷயத்தில். மேட்டு நிலமெல்லாம் வெள்ளையருக்கே, சட்டசபையில் அவர்களுக்குப் பதினொரு ஸ்தானம், அவர்களைவிட எண்ணிக்கையில் அதிகமான இந்தியருக்கு ஐந்து என்று லண்டன் தீர்ப்பளித்தது. உடம்பு சரியில்லாத நிலையிலும் லண்டன் போய் மன்றாடியவர் சாஸ்திரியார். சாம்ராஜ்யத்தின் நியாய உணர்ச்சியில் அவர் வைத்திருந்த நம்பிக்கை அப்போதுதான் முதன்முறையாக ஆட்டம் கண்டது. ஊர் திரும்பி அவர் பேசிய பேச்சுகளில் மிதவாதியைக் காணோம். வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்று காலேஜில் எங்களுக்குச் சொன்னவர்கள் யாரும் கென்யாவைச் சொல்லவில்லை.

இனி தென்னாப்பிரிக்கா. இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் நம் ஜில்லாக்காரர்கள் ஏராளம். 1920-களில் அங்கே இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களைத் தனி இடத்தில் ஒதுக்கி வைக்க ஒரு மசோதா தயாராக இருந்தது. 1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்டமேஜைப் பேச்சு தொடங்கியது. முகம்மது ஹபிபுல்லா சாஹிப் தலைமையில் போன குழுவில் சாஸ்திரியார் ஒருவர். 1927-இல் ஒப்பந்தம் ஏற்பட்டு மசோதா கைவிடப்பட்டது. அங்கேயே தங்குகிறவர்களின் கல்வியும் வாழ்க்கைத் தரமும் உயர அரசாங்கம் உதவ வேண்டும் என்றும் முடிவாயிற்று. பதிலுக்கு, இந்தியா திரும்ப விரும்புகிறவர்களுக்குப் பெரியவர் ஒருவருக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன், கப்பல் செலவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கி, சொந்தமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் தவித்தார்கள். ஒப்பந்தத்தின் இந்தப் பாதியைப் பற்றிச் சாஸ்திரியாரின் ரசிகர்கள் அதிகம் எழுதுவதில்லை.

ஒப்பந்தத்தை நிறைவேற்றிவைக்க அங்கே ஓர் இந்தியப் பிரதிநிதி வேண்டும். காந்திஜி வற்புறுத்தினார், சாஸ்திரியார் சம்மதித்தார். சங்கத் தலைமையை விட்டுவிட்டு 1927 ஜூனில் போய்ச் சேர்ந்தார். பதவியின் பெயர் வெறும் ஏஜெண்ட். அடிமை நாட்டுக்குத் தூதர் ஏது? 1935-இல் அது ஏஜெண்ட்-ஜெனரல் ஆகி, 1941-இல் ஹைகமிஷனர் ஆயிற்று. முதல் ஆள் இவர்தான். கையில் எந்த அதிகாரமும் கிடையாது. மந்திரியிடம் போய்ப் பேசலாம், நகர சபையில் பேசலாம், சர்ச்சில் பேசலாம். அவ்வளவே.

ஆனாலும் காரியம் நடந்தது. மதுபான மசோதாவில் ஒரு பிரிவு ஹோட்டல்களில் வேலை செய்த இந்திய சர்வர்களின் பிழைப்பையே பறிக்கும்படி இருந்தது. மந்திரிகளிடம் நடையாய் நடந்து அந்தப் பிரிவை நீக்க வைத்தார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லை என்பதைப் பார்த்து, அங்கிருந்த இந்திய வியாபாரிகளிடம் பணம் திரட்டினார். ஆசிரியர் பயிற்சிக்கும் சேர்த்து சாஸ்திரி காலேஜ் 1929-இல் திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். வாத்தியார் எங்கே போனாலும் வாத்தியார்! 1928-இல் கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று அவர் கூட்டத்தில் புகுந்து ரகளை செய்தது. அதற்காக அவர் ஊர் ஊராகப் பேசுவதை நிறுத்திக்கொள்ளவில்லை. அங்கிருந்த இந்தியர்களிலும் ஒரு சாரார், வெள்ளையருக்கு அனுசரணையாகப் போகிறார் என்று அவரைக் குறை சொன்னார்கள். இரண்டு பக்கமும் வசவு.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் போனஸ் தகராறு. நாற்பது நாள் கதவடைப்பு. யூனியன்காரர்களுக்கு நான் முதலாளியின் ஆள். நிர்வாகத்துக்கு நான் யூனியனுக்குத் துப்பு கொடுக்கிறவன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தரப்பு சொன்னதை மறு தரப்புக்கு, கோபத்தை வடிகட்டிவிட்டு, அர்த்தம் மாறாமல் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். ஒருநாள் அப்படி வடிகட்டியதில் நான் ஒரு தப்பு செய்தேன். பதினேழு தற்காலிகத் தொழிலாளர்களைத் திரும்ப எடுப்பது பற்றி நிர்வாகம் சொன்னது பாதி மனசோடு சொன்னது. நான் அதை முழு சம்மதமாகச் சொல்லிவிட்டேன். கதவு திறந்தது. அந்தப் பதினேழு பேரை எடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் வெகுகாலம் என் வீட்டுத் தெரு வழியாகத்தான் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போவார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்கப்புறம்தான் சாஸ்திரியாரின் காரியதரிசியாக இருந்த கோதண்ட ராவ் எழுதிய வரலாற்றை எடுத்துப் படித்தேன். கேலி போய்விட்டது. சென்னைத் துறைமுகத்தில் 20 பவுனோடு இறங்கியவர்களைப் பற்றிப் படித்தபோது என் பதினேழு பேரும் கண்முன் வந்தார்கள்.

1928-இல் அரசாங்கம் கொடுக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷன், லண்டன் வட்டமேஜை மாநாடுகள் என்று ஓய்வில்லை. 1931-இல் காந்தி-இர்வின் உடன்படிக்கை ஏற்பட, சாப்ரு, ஜெயகர், சாஸ்திரியார் மூவரும் இங்கும் அங்கும் தூது போனார்கள். மார்ச் 5-இல் கையெழுத்தாயிற்று. சரித்திரப் புத்தகத்தில் கையெழுத்திட்ட இருவர் பெயர்தான் இருக்கும்.

1936 கடைசியில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்களின் நிலையைப் பார்த்துவர அனுப்பப்பட்டார். ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்ற பழைய தினக்கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார். ஆனால் ஆள் அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் எழுதிவிட்டார். அங்கிருந்த இந்தியர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் அத்தனை தோட்டத்தின் கஷ்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 1938-இல் இந்திய அரசாங்கமே ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. எதிராளியின் நியாயத்தையும் கேட்கிற பழக்கம் இந்தத் தடவை அவரை ஏமாற்றிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அண்ணாமலையில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தர். அதன்பின் மயிலாப்பூர் வாசம். 1944-இல் சம்ஸ்கிருத அகாடமி ஆதரவில் வால்மீகி ராமாயணம் பற்றி முப்பது சொற்பொழிவுகள் செய்தார். ராமனை அவதாரமாக அல்ல, தவறும் தடுமாற்றமும் உள்ள மனிதனாக வைத்துப் பேசினார். கேட்க வந்த ஆஸ்திகர்கள் சிலருக்கு அது ரசிக்கவில்லை. அதிலும் இரண்டு பக்கம்!

1946 ஜனவரியில் சென்னை வந்த காந்திஜி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாஸ்திரியாரைப் போய்ப் பார்த்தார். முப்பது வருஷமாக ஒரு பெரிய விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கிழவர்கள். ஏப்ரல் 17-இல் சாஸ்திரியார் காலமானார், எழுபத்தாறு வயது. டில்லியில் அப்போது மூன்று பிரிட்டிஷ் மந்திரிகள் வந்து சுதந்திரம் எப்படிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் இப்போது அந்த வாசலில் சற்று நிற்கிறேன். காவலாளிக்கு என்னைத் தெரியும்; யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டான்.